கேஸ் ஸ்டடிக்கு எந்த ஊரை எடுத்தீர்கள்? ராமநாதபுரம் கடற்கரை அனுபவங்கள்

மண்டபத்துக்காரன்:
மருத்துவத் தரவுப் பகிர்வு, ஒத்திசைவு (வெவ்வேறு இடத்துப் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணும்படி ஆக்குவது) என்று ஆராய்ச்சி செய்தவர்கள், கேஸ் ஸ்டடிக்கு, அதாவது ஆழமாகப் படித்துப் பார்க்க, எந்த இடத்தை அல்லது சூழ்நிலையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என் கதையில் ஆரம்பிக்கிறேன்.

ஒருவருடைய பதிவு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் என்ன ஆகிறது, இரண்டையும் சேர்த்து எண்ண முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர், ஆள், நெட் எல்லாம் சரியாக இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள். "அங்கே போனால் வேலை சீக்கிரம் முடியும்" என்றார்கள். முடியும்தான், ஆனால் எதுவும் சிக்காத இடத்தில் போய் சிக்கலை எப்படிப் படிப்பது? ஊர்களை விட்டுவிட்டு, பதிவு எங்கே கைமாறுகிறது என்று பார்ப்போம் என்றேன்.

நம் பக்கம் அதற்குத் தலைப்பிரசவம் போதும். பாம்பனில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்ததும் தொண்டிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போகிறாள். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தருகிற எண், கூடவே போகும். உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள் என்பதால் அதை யாரும் தொலைப்பதில்லை. எண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குள் எழுதியிருப்பதுதான் தகராறு.

தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை, சுருக்கமாக 'ஜிடிஎம்'. தனியாரில் சிலர் சர்வதேச அளவுகோலைப் பிடித்துக்கொள்கிறார்கள்: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஏதாவது ஒன்றை எட்டினால்தான் சர்க்கரை. ஒரு பெண்ணின் அட்டையைப் பார்த்தேன். 2 மணி நேர அளவு 146, பக்கத்தில் சிவப்பு மையில் 'ஜிடிஎம்'. தாய் வீட்டுப் பக்கத்துத் தனியார் ஃபைலில் வேறொரு நாள் எடுத்த டெஸ்ட்டில் அதே 146, ஆனால் 'நார்மல்'. அவரவர் கணக்கில் இருவர் சொல்வதும் சரி. 'சர்க்கரை: உண்டு / இல்லை' என்று ஒரே கட்டத்தில் இரண்டையும் கொட்டினால் வருகிற சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது. அளவு என்ன, எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது, வெறும் வயிறா என்ற மூன்றும் பதிவில் இருந்தால் பின்னால் ஒத்திசைக்கலாம். வெறும் 'உண்டு' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் கேஸ் இதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நாட்டுப்படகு:
நான் பார்த்தது பிரஷர் பதிவு. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அன்றைக்கு வந்தால் வீட்டில் ஆம்பளை இருக்க மாட்டார். பதிவில் அவர் 'மருந்தை நிறுத்தியவர்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். அப்போது பார்த்தால் அதே ஆள் ஒழுங்காக மாத்திரை வாங்குகிறார். எங்கள் கைடு இரண்டு ஊரை ஒப்பிடச் சொன்னார். நான் ஒரே ஊரை எடுத்து, தடைக்காலத்தில் ஒரு கேஸ், மற்ற மாதங்களில் ஒரு கேஸ் என்று வைத்தேன். ஊர்தான் கேஸாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

கீழக்கரை மாணவி:
மனநோய் தீர வேண்டி ஆட்களை அழைத்து வருகிற தர்கா ஊரான ஏர்வாடியை எடுக்கலாமா என்று எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்த இடம். வெளி மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பழைய மருத்துவச் சீட்டு பலரிடம் இருக்காது. 'உச்சபட்ச கேஸ்' என்று எழுதினால் கட்டுரை எடுப்பாகத்தான் இருக்கும். நான் வேண்டாம் என்றேன். பாதிப் பேர் சார்பில் சம்மதம் சொல்வதே கூட வந்த உறவினர்தான். 2017 மனநலச் சட்டத்தில் ரகசியத்துக்கான உரிமை நோயாளிக்குத்தான் இருக்கிறது, அழைத்து வந்த மாமாவுக்கு இல்லை. சார் இன்னும் என்மேல் வருத்தமாகத்தான் இருக்கிறார்.

புதுசு:
எத்தனை கேஸ் எடுத்தால் போதும் அண்ணே?

மண்டபத்துக்காரன்:
எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காதீங்க தம்பி. கேஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சீரைட், கெரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். வழக்கமான கேஸ், விலகி நிற்கிற கேஸ், எல்லாவற்றிலும் ஒத்து ஒன்றில் மட்டும் வேறுபடுகிற ஜோடி என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அதைத் தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று, தரவு தர மறுத்த இடத்தையும் நாங்கள் ஒரு கேஸாக வைத்தோம். ஒரு தனியார் மருத்துவமனை 2023 தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டிக் கையை விரித்தது. அந்தச் சட்டத்திலேயே ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு இருக்கிறது, இருந்தும் பயம். ஏன் பயம், யார் முடிவெடுப்பது என்று உட்கார்ந்து பேசியதில், கொடுத்தவர்களிடம் கிடைக்காத விஷயமெல்லாம் வந்தது.

அப்புறம், இங்கே லேப் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், சர்க்கரை ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் குடித்த நேரத்தைக் குறிக்கிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.