புதுப்பிப்பு: லொபுச்சேயில் மலைநோய், இரவிலேயே இறங்கிவிட்டோம்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், 4,940 மீட்டர் உயரத்திலுள்ள லொபுச்சேயில் என் மைத்துனருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டிருப்பதாகச் சொல்லி, கீழே இறங்க விடியும்வரை காத்திருக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். உடனே பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அவர் நலமாக இருக்கிறார்.

கைகொடுத்தது, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள் என்ற யோசனைதான். விடுதியின் பலகைத் தரையில் இருந்த இடுக்கையே கோடாகக் காட்டினேன். நான்காவது அடியில் அவர் சாய்ந்து, வரட்டி எரிந்துகொண்டிருந்த அடுப்பின் புகைக்குழாயைப் பிடிக்கப் போனார். நான் வெறும் அசதி என்று நினைத்தது, உயரத்தால் வரும் மூளை வீக்கத்தின் அறிகுறி என்பது அப்போதுதான் உறைத்தது. வழிகாட்டி தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டு மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் மருந்தை 8 மில்லிகிராம் கொடுத்தார். இருவர் தாங்கிக்கொள்ள, துக்லா வழியாக, ஏறத்தாழ 4,370 மீட்டரிலுள்ள பெரிச்சேக்கு இறங்கினோம். அங்கே மருத்துவ நிலையத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மதியம் அதே சோதனையில் தடுமாறாமல் நடந்தார்.

எதிர்பாராதவை சில. மலைநோய் வராமல் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரையை அவர் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், விறைத்த விரலில் 58 சதவீதம் என்றும், தேநீர்க் குவளையைப் பிடித்துச் சூடேறிய பின் 71 என்றும் காட்டியதால், எண்ணைவிட நடையையே நம்பினேன். ஹெலிகாப்டரை அழைக்கச் சொன்னவர்களுக்கு: இரவில் அது வராது என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார், காத்திருந்திருந்தால் விடியும்வரை அதே உயரத்தில்தான் கிடந்திருப்போம்.