ரீசார்ஜ் டிடெக்டர் பேட்டரி: 8.4 வோல்ட் ஏமாற்றா, இல்லையா?

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
மண்டபம் நடத்தும் அன்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதியது இது: "ரீசார்ஜ் மெட்டல் டிடெக்டர் வாங்கினால் ஐந்து வருஷத்துக்குப் பேட்டரி பக்கமே திரும்ப வேண்டாம். அதற்குள் போனால் கடைக்காரன் டூப்ளிகேட் போட்டிருக்கிறான். என் பேட்டரியில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 8.4தான் காட்டுகிறது."
ரிச்சி தெருவில் இதே வேலை பார்க்கிறவன் நான். ஒரு தொழிலையே திருட்டு என்று எழுதினால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கையில் பிடித்துத் தடவும் டிடெக்டரில் போடுகிற அந்தச் சதுர பேட்டரிக்குள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஏழு இருக்கும். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். ஏழுக்கு 8.4. கணக்கு சரியாக இருக்கிறது. ஏமாற்று எங்கே வந்தது?

மண்டபம் மேனேஜர்
பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டருக்குக் காசு வாங்கி 930 மில்லி ஊற்றினால் சும்மா வருவீர்களா? 9 என்று அச்சடித்தால் 9 வரணும், அவ்வளவுதான். முகூர்த்த நாளில் விடியற்காலை வாசலில் நிற்கிற பையன், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் "சார், மெஷின் அணைஞ்சுபோச்சு" என்று வந்து நிற்கிறான். கடையில் வாங்கும் சாதாரண ஆல்கலைன் பேட்டரி அதே மெஷினில் நன்றாக ஓடுகிறது. காரணம் அந்த 0.6 வோல்ட்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
0.6 காரணமே இல்லை. ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு) பிடிக்கும். நிக்கல் ரீசார்ஜ் பேட்டரியில் பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான். கொள்ளளவே பாதி என்றால் ஓடும் நேரமும் குறையத்தானே செய்யும்? ஆல்கலைன் 9-லேயே நிற்கும் என்று நினைக்கிறீர்கள். அது 8, 7.5 என்று இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் 8.4 பக்கத்தில் நெடுநேரம் நின்று, கடைசியில் ஒரேயடியாக விழும். அதனால்தான் பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றுவிடுகிறது. உங்கள் பையன் பார்த்தது இதைத்தான்.

ஓஎம்ஆர் சூப்பர்வைசர்
எங்கள் கம்பெனி வாசலில் புது ரீசார்ஜ் பேட்டரி போட்டவுடனேயே சிவப்பு விளக்கு. கழற்றிப் பார்த்தால் மேலே பெரிதாக 9, ஓரத்தில் பொடி எழுத்தில் 7.2. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
அது ஆறு செல் பேட்டரி. அதை வாங்கியது உங்கள் பர்ச்சேஸ் ஆளின் தப்பு. மெஷினின் லோ பேட்டரி எச்சரிக்கை 9 வோல்ட்டுக்காக வைத்தது, 7.2-ஐப் பார்த்தால் தீரப்போகிற பேட்டரி என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஏழு செல் 8.4 வாங்குங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

மண்டபம் மேனேஜர்
பார்த்தீர்களா, வோல்ட் குறைந்தால் மெஷின் ஏற்காது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது! நான் சொன்னது அதைத்தானே?

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
7.2 வேறு, 8.4 வேறு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

எலியட்ஸ் மணல்
இரண்டு பேருக்குமே தெரியவில்லை. 8.4 என்றால் ஃபுல் சார்ஜ். லித்தியம் செல் ஒன்று 4.2 வோல்ட் வரை ஏறும், இரண்டு சேர்ந்தால் 8.4. சராசரியாக 7.4. நான் பெசன்ட் நகர் கடற்கரையில் மைன்லேப் கம்பெனியின் ஈக்வினாக்ஸ் 800 டிடெக்டர் வைத்துத் தேடுகிறவன். உள்ளேயே 5,000 எம்.ஏ.எச். லித்தியம், ஒரு சார்ஜில் 12 மணி நேரம் என்று கம்பெனியே சொல்கிறது. நீங்கள் இன்னும் சதுர பேட்டரியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
நான் நிக்கலைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் லித்தியத்தோடு வருகிறீர்கள். என் 8.4 வேறு, உங்கள் 8.4 வேறு. அந்த 5,000 எம்.ஏ.எச். பேட்டரி தளர்ந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணீர் புகாமல் சீல் வைத்த மெஷின் அது. திறந்து மாற்றி ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் போர்டே காலி. அதே கம்பெனியின் வான்குவிஷ் 440 டிடெக்டரில் நாலு ஏஏ செல்தான். ஒன்று கெட்டால் அடுத்த தெருவில் வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம்.

பெரம்பூர் வாசகர்
ஒருவர் ஆயுள் என்று ஒரு சார்ஜில் ஓடும் நேரத்தைச் சொல்கிறார், இன்னொருவர் வருஷக் கணக்கைச் சொல்கிறார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் என்ன?

மண்டபம் மேனேஜர்
அதெல்லாம் அப்புறம். 9 ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் வரட்டும்.

ஓஎம்ஆர் சூப்பர்வைசர்
எலியட்ஸ் மணல் சார், பீச்சில் தோண்டுவது சட்டப்படி சரிதானா? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும்.

எலியட்ஸ் மணல்
நான் எடுப்பது பீர் மூடியும் தொலைந்த சாவியும். சட்டம் படிக்கிற நேரத்தில் உங்கள் கேட்டில் 7.2 போட்டது யார் என்று கண்டுபிடியுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
புதையல் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எதனால் சாகிறது என்று யாருமே கேட்கவில்லையே! செக்யூரிட்டி கூண்டுக்குத் தகரக் கூரை. அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அடாப்டரைச் சொருகி ராத்திரி பகலாக விட்டுவிடுகிறார்கள். அந்த மலிவு அடாப்டருக்குத் தானாக நிற்கத் தெரியாது. பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் அது முழுக்கச் சூடாகத்தான் மாறும். நிக்கல் செல் வேகமாகச் சாவது இதில்தான்.
இதைவிட மோசம் ஒன்று உண்டு. ரீசார்ஜ் பேட்டரி தீர்ந்ததும் அவசரத்துக்கு ஆல்கலைன் போட்டுவிட்டு, வழக்கம்போல ராத்திரி சார்ஜரைச் சொருகுவது. ஆல்கலைனுக்கு சார்ஜ் ஏற்றவே கூடாது. கசியும், வெடிக்கவும் செய்யும். இதே மண்டபத்திலிருந்து அப்படிக் கசிந்து உள்ளே பச்சை பூத்துப்போன மெஷின் என் மேஜைக்கு வந்தது. சுத்தம் செய்து ஓட வைத்துக் கொடுத்தேன். அந்த பில் இன்னும் வரவில்லை.

மண்டபம் மேனேஜர்
இப்போது தெரிகிறது எதற்கு இவ்வளவு கோபம் என்று. ஆடி மாசம் கொடுத்த மெஷினை ஆவணி முகூர்த்தம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுத்தவருக்கு பில் எதற்கு? வாடகைக்கு மெஷின் எடுத்து வேலையை ஓட்டினேன்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
பச்சை பூத்த டெர்மினலுக்கு மாற்று கிடைக்க வேண்டாமா? மெஷினைக் கெடுத்தது யார்?

பெரம்பூர் வாசகர்
யூஎஸ்பி போட்டு சார்ஜ் செய்யும் லித்தியம் 9 வோல்ட் பேட்டரி வருகிறதே, உள்ளே வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் இருப்பதால் கடைசி வரை 9 கொடுக்குமாம். அதைப் போட்டால் இந்தச் சண்டையே இருக்காதே?

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
கொடுக்கும். ஆனால் அந்த சர்க்யூட்டிலிருந்து வருகிற இரைச்சலை நுட்பமான டிடெக்டர் பிடித்துக்கொண்டு, எதிரில் ஒன்றுமே இல்லாமல் கத்தலாம். தீரும்போது 9-லிருந்து நேராகப் பூஜ்யம். எச்சரிக்கை விளக்குக்கு வேலையே இல்லை. வரிசையில் பாதிப் பேரைத் தடவியிருக்கும்போது மெஷின் நின்றுவிட்டால் மீதிப் பேரை யார் பார்ப்பது? என் கையால் நான் ஏழு செல் நிக்கல்தான் போட்டுக் கொடுப்பேன்.

மண்டபம் மேனேஜர்
அதாவது 9 கொடுக்கும் பேட்டரி இருக்கிறது, நீங்கள்தான் 8.4 போடுகிறீர்கள். இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

எலியட்ஸ் மணல்
8.4 ஃபுல் சார்ஜ். யாராவது ஒப்புக்கொள்ளுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்
நிக்கலில் இல்லை! மேனேஜர் சார், சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மீட்டர் வைத்துப் பாருங்கள், அந்த 8.4 பேட்டரியே 9-க்கு மேல் காட்டும். காட்டாவிட்டால் பேட்டரியோடு கடைக்கு வாருங்கள், புதிதாகவே மாற்றித் தருகிறேன். வரும்போது பழைய பாக்கியையும் எடுத்து வாருங்கள்.

மண்டபம் மேனேஜர்
மீட்டர் என்னுடையதுதான் வரும். உங்கள் மீட்டரை நான் நம்பமாட்டேன்.