பலா மரச் சிற்பத்தில் வெடிப்பு: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மா வீட்டுக் கொல்லையில் காற்றில் சாய்ந்த பலா மரத்தின் அடித்துண்டில் நிறைமாதப் பெண்ணின் உடலைச் செதுக்கி வருகிறேன். முகம் கிடையாது, மார்பும் வயிறும் இடுப்பும்தான். இரண்டரை அடி உயரம். வயிற்றை உருட்டி எடுக்கும்போது வைரத்தின், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியின், மஞ்சள் ரேகைகள் தாமாகவே வட்டம் வட்டமாக விரிந்தன. என் மகளைச் சுமந்த நாட்கள் கண்முன் வந்தன. உளியை வைத்துவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை வெடித்துவிட்டது. நாணயத்தின் விளிம்பு நுழையும் அகலம். எட்டு மாதம்தான் நிழலில் காயவைத்தேன், மரத்தின் மையத்தில் ஓடும் நடுத்தண்டையும் நீக்கவில்லை. மரம் மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத்தின் போக்கைவிட, மையத்தைச் சுற்றிய வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும் என்பதால் முழுத் துண்டு இப்படிப் பிளப்பது இயல்புதான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

பின்புறமாகக் குடைந்து நடுத்தண்டை எடுத்துவிட்டால் வெடிப்பு மேலும் ஓடாமல் நிற்குமா? பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1946இல் எல்ம் மரத்தில் குடைந்த 'பெலாகோஸ்' சிற்பத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து உள்ளிருக்கும் வெற்றிடமும் கருப்பையாகத் தோன்றுகிறது. சுவர் எத்தனை அங்குலம் விட வேண்டும்? வெடிப்பில் பலா மரச் சக்கையை (மெல்லிய ஆப்புத் துண்டை) இப்போதே செருகலாமா, முழுதும் காயும்வரை பொறுக்க வேண்டுமா? தம்மம்பட்டிப் பக்கம் மரச்சிற்பம் செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவசியம் பதில் எழுதுங்கள். அதுவரை வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, ஈரத்துணி சுற்றாமல், காற்றுபடாத அறையில் வைத்திருக்கிறேன்.