கடைசி எட்டு ஆட்டங்களில் 20 புள்ளிகள்: 2019-20இல் சென்னையின் எஃப்.சி. எப்படி மீண்டது?

கேள்வி: வியாசர்பாடி ரசிகன்

வணக்கம். 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துப் பருவத்தைப் பற்றி நெடுநாளாக ஒரு கேள்வி மனதில் இருக்கிறது. முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் எஃப்.சி. ஒரு கோல்கூடப் போடவில்லை. கோவாவிடமும் பெங்களூருவிடமும் மும்மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஹைதராபாத்துடனான ஐந்தாவது ஆட்டத்துக்கு நேரு விளையாட்டரங்கம் சென்றிருந்தேன். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் விழாததால் எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் ஷெம்ப்ரி கோல் போட்டார், ஹைதராபாத் சமன் செய்தது, உடனே வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். படியிறங்கிப் போனவர்கள் திரும்ப ஓடிவந்து, "யார் அடித்தது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நவம்பர் மாத இறுதியில் பயிற்சியாளர் ஜான் கிரகரி விலக, ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். ஆனாலும் பத்து ஆட்டங்களின் முடிவில் கையில் இருந்தவை 9 புள்ளிகள்தான். அடுத்த எட்டு ஆட்டங்களில் 20 புள்ளிகள் எடுத்து, நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனோம். வீரர்களும் பெரும்பாலும் அவர்களேதான். அப்படியென்றால் மாறியது எது?

பதில் 1: நடுக்களம்

கோல் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். முதல் பத்து ஆட்டங்களில் போட்டது 11, வாங்கியது 18. கடைசி எட்டில் போட்டது 21, வாங்கியது 8. இதில் என் கண்ணுக்கு முதலில் படுவது நம் நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ. வால்ஸ்கிஸுக்குப் பின்னால் அவரைச் சுதந்திரமாக உலவவிட்டு, சாங்தேயைப் பக்கவாட்டில் ஓடவைத்ததும், பந்து கிடைத்தவுடன் முன்னோக்கிப் பார்க்கும் பழக்கம் அணிக்கு வந்துவிட்டது. டிசம்பர் இறுதியில் கோவாவிடம் 3-4 என்று தோற்றோமே, அந்தத் தோல்வியிலேயே இதன் அடையாளம் தெரிந்தது. கோல் போடத் தெரியாத அணியாக அது அன்று ஆடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு வீரர் எட்வின் வான்ஸ்பாலை வலப்பக்கத் தற்காப்பிலிருந்து நடுக்களத்துக்குக் கொண்டுவந்து அனிருத் தாபாவுடன் நிறுத்தியது கோய்லின் மிக நல்ல முடிவு என்பேன். கோல் போட்டவர்களின் பெயர்தான் செய்தியில் வரும். எதிரணியின் கால்களிலிருந்து பந்தைப் பறித்துக் கொடுத்தவரின் உழைப்பை அரங்கில் இருந்தவர்கள்தான் அறிவார்கள்.

பதில் 2: பட்டியல் பார்ப்பவன்

மேலே நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்டவரிசையையும் பார்க்க வேண்டும். ஜனவரி 10 முதல் பிப்ரவரி 1 வரை தொடர்ந்து வென்ற நான்கு ஆட்டங்களும் ஹைதராபாத், நார்த் ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர், கேரளா ஆகிய அணிகளுடன் நடந்தவை. பருவ முடிவில் பட்டியலின் கடைசி நான்கு இடங்களில் இருந்தவை இந்த நான்கு அணிகளே. கொச்சியில் 6-3 என்று வென்றதைக் கொண்டாடும்போது, அங்கே ஒக்பெச்சே தனி ஒருவராக நமக்கு எதிராக மூன்று கோல் அடித்ததை மறந்துவிடுகிறோம்.

வியாசர்பாடி ரசிகன்

இருவருக்கும் நன்றி. கடைசி நான்கு அணிகள் என்பதை நான் கவனித்ததே இல்லை. ஆனால் பிப்ரவரியில் கொல்கத்தாவுக்கே போய் அந்த ஊர் அணியான ஏ.டி.கே.வை 3-1 என்று வென்றோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பதில் 3: மெரினா கேலரி

அந்த வெற்றியையும், அதற்கடுத்த மும்பை ஆட்டத்தையும்தான் நான் உண்மையான சோதனை என்பேன். பிப்ரவரி 21 அன்று மும்பை 26 புள்ளிகளோடு தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடியது. 25 புள்ளிகளோடு இருந்த நமக்கு இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருந்தது. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும் கோல் விழவில்லை. 83ஆவது நிமிடத்தில், முன்பு மும்பைக்கே ஆடிய தற்காப்பு வீரர் லூசியன் கோயன் கோல் போட்டார். அந்த ஒரு கோலில் அரையிறுதி உறுதியானது. பலவீனமான அணிகளை வென்று அந்த இடத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் வெல்ல வேண்டிய ஆட்டங்களை வெல்லாமல்தானே அதற்கு முன் பட்டியலின் அடியில் கிடந்தோம்?

2015இலும் இப்படித்தான். அப்போதைய பயிற்சியாளர் மாட்டராஸியின் கீழ் நம் அணி பத்து ஆட்டங்களில் 10 புள்ளிகளோடு தவித்து, கடைசி நான்கையும் வென்று, வெள்ளத்தால் சென்னையில் நடத்த முடியாத அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் நடந்த இறுதியில் கோவா அணியை 3-2 என்று வென்று கோப்பையோடு வந்தது. 2020 இறுதியும் அதே ஃபட்டோர்டாவில்தான் நடந்தது. கோவாவை மொத்தத்தில் 6-5 என்று கடந்து அங்கே போன நம் அணி, ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றது. கொரோனா காரணமாக ரசிகர் யாரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. வால்ஸ்கிஸ் ஒரு கோலைத் திருப்பியபோது, ஆரவாரம் செய்ய அந்த அரங்கில் நம்மவர் ஒருவரும் இல்லை. வீட்டில் தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்று நான் கத்தினேன்.