இரத்த ஏகாரில் வளையமாகப் பரவும் புரோட்டியசு: இது விகாரமா?

கோண்டாவில் மாணவன்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பயில்கிறேன். சிறுநீர் மாதிரியொன்றில் கிடைத்த புரோட்டியசு மிராபிலிசு என்னும் பற்றீரியா, இரத்த ஏகாரில் (இரத்தம் சேர்த்த கூழ்போன்ற வளர்ப்பூடகத்தில்) ஒரே இரவில் வளையம் வளையமாகத் தட்டு முழுவதையும் மூடிவிட்டது. அதே பற்றீரியா மக்கொங்கி ஏகாரில் தனித்தனிக் கொலனிகளாகவே நின்றது. இவ்வேறுபாட்டுக்கு விகாரம், அதாவது பரம்பரையலகில் ஏற்படும் நிலையான மாற்றம், காரணமா?

நுண்ணுயிரியல் ஆசிரியை:
விகாரமன்று, தம்பி. வளையத்தின் விளிம்பிலிருந்து சிறிது எடுத்துத் திரவ ஊடகத்தில் இட்டால், அங்குள்ள நீண்ட கலங்கள் பிரிந்து மீண்டும் குட்டைக் கோல்களாகிவிடும். விகாரமாயின் அவை இவ்வாறு ஒட்டுமொத்தமாக மீளமாட்டா. மாறுவது பரம்பரையலகுகளின் வெளிப்பாடே, அதாவது அவை எவ்வளவு இயங்குகின்றன என்பதே. திரவத்தில் நீந்தும்போது இக்கலம் ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் நீளமுடையது, நீந்த உதவும் நூல்போன்ற சவுக்குமுளைகளும் சிலவே. திண்மப் பரப்பைத் தொட்டதும் சவுக்குமுளை தடையின்றிச் சுழல முடியாது போகிறது. அத்தடையே கலத்துக்குச் செய்தியாகி, எஃப்எல்எச்டிசி என்னும் தலைமைப் பரம்பரையலகுத் தொகுதியின் வெளிப்பாடு உயர்கிறது. அதன் புரதம் சவுக்குமுளைக்குரிய ஏனைய பரம்பரையலகுகளைப் படிப்படியாக இயக்குகிறது. கலப்பிரிவு தடைப்பட்டும் டிஎன்ஏ இரட்டிப்பு நிற்காததால், 20 முதல் 80 மைக்ரோமீற்றர் வரை நீண்டு, ஆயிரக்கணக்கான சவுக்குமுளைகளைக் கொண்ட கலங்கள் தோன்றி, பக்கத்தோடு பக்கம் சேர்ந்து கூட்டமாக நகர்கின்றன. சற்றுத் தூரம் சென்றதும் குட்டைக் கலங்களாகப் பிரிந்து, பெருகி, மறுபடி புறப்படுகின்றன. நீங்கள் கண்ட வளையங்கள் அத்தகைய தங்கல்களின் தடங்கள்.

கோண்டாவில் மாணவன்:
மிக்க நன்றி, ரீச்சர். அப்படியாயின், மக்கொங்கி ஏகாரும் திண்மப் பரப்புத்தானே?

நுண்ணுயிரியல் ஆசிரியை:
நல்ல கேள்வி. அதிலுள்ள பித்த உப்புகள் இந்நகர்வைத் தடுக்கின்றன. சிறுநீர் மாதிரிகளுக்குப் பாவிக்கும் சிஎல்இடி ஏகாரில் மின்பகுபொருள்கள் குறைவாக இருப்பது அதே பயனைத் தருகிறது. மாரிகாலத்தில் தட்டுகளை நன்கு உலர்த்திப் பாவியுங்கள். பரப்பில் ஈரம் நின்றால் புரோட்டியசு மேலும் எளிதாகப் பரவி, கூடவிருக்கும் பற்றீரியாக்களை மறைத்துவிடும்.

பழைய ஆய்வுமாணவர்:
ஆசிரியையின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும், இவ்வாறு கூட்டமாக நகரும் திரள்நகர்வில் விகாரத்துக்கு இடமேயில்லை என்று எவரும் பொதுமைப்படுத்திவிடக் கூடாது. பசிலசு சப்டிலிசு என்னும் வேறொரு பற்றீரியாவின் 168 என்னும் ஆய்வுகூட வகை திரண்டு நகர்வதில்லை. பரப்பிழுவிசையைக் குறைத்து வழியை ஈரமாக்கும் சர்பக்டினை உருவாக்கத் தேவையான எஸ்எஃப்பி பரம்பரையலகும், சவுக்குமுளைகளைப் பெருக்க உதவும் எஸ்டபிள்யூஆர்ஏ பரம்பரையலகும் அதில் விகாரத்தால் பழுதடைந்துள்ளன. அத்தகைய கலங்களை எந்த ஊடகத்துக்கு மாற்றினாலும், இழந்த ஆற்றல் ஊடக மாற்றத்தால் மட்டும் திரும்புவதில்லை.