பாலிப், டிஸ்பயோசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

குடல் பாக்டீரியாவுக்கும் பெருங்குடல் பாலிப்புக்கும் (உட்சுவரில் எழும் புடைப்பு) உள்ள தொடர்பைப் பற்றிய பாடப்பகுதி ஒன்று தமிழாகிறது. பாலிப்பை ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள்: கட்டி, சதை வளர்ச்சி, விழுது, தொங்குதசை. கடைசியதை எடுத்துக்கொள்ளலாமா? மூக்கில் வருவதற்கும் பொருந்தும். குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மாறிப்போவதைக் குறிக்கும் டிஸ்பயோசிஸுக்கு 'நுண்ணுயிர்ச் சீர்கேடு' என்று போட்டிருக்கிறது. அதுவும் சரிதானா?

----------

> தொங்குதசை

எல்லாமே தொங்குவதில்லை. தசையால் ஆனதும் அல்ல. பாலிப் எழுவது உட்சுவரின் சளிச்சவ்விலிருந்து. குடல்சுவரின் தசையடுக்கு அதற்கு அடியில் தனியே கிடக்கிறது. காம்போடு தொங்குவது ஒரு வகை மட்டுமே. காம்பில்லாமல் சுவரோடு ஒட்டியிருப்பவையும், தட்டையாகப் படர்ந்தவையும் உண்டு. வலப்பக்கப் பெருங்குடலில் வரும் இரம்பப்பல் வகை சளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பதால் அகநோக்கியில் (எண்டோஸ்கோப்) எளிதில் தப்பிவிடும். அதைப் போய்த் 'தொங்கு' என்பதா? விழுதுக்கும் இதே கோளாறுதான்.

'கட்டி' வேண்டவே வேண்டாம். அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் புற்று என்றே படிப்பார்கள். அடினோமாக்களில் (சுரப்பித் திசுவில் எழும் பாலிப்) பெரும்பாலானவை புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பொதுவாகப் 10 ஆண்டு வாக்கில் பிடிக்கும். 'முளை' என்று சொன்னால் மூலநோய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை 'சவ்வுமொட்டு'. அடைமொழி ஏற்றிப் பாருங்கள்: காம்புச் சவ்வுமொட்டு, காம்பிலாச் சவ்வுமொட்டு, தட்டைச் சவ்வுமொட்டு, மூக்குச் சவ்வுமொட்டு. எதுவும் இடறவில்லை. 'இரம்பப்பல்' சேர்க்கும்போது மட்டும் அடிக்குறிப்பு வேண்டும். பல் இருப்பது மொட்டின் மேற்பரப்பில் அன்று. நுண்ணோக்கியில் தெரியும் சுரப்பிக்குழியின் உள்விளிம்பில்.

----------

சவ்வுமொட்டுக்கு என் வாக்கு. நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன்.

> நுண்ணுயிர்ச் சீர்கேடு

இது தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. கூட்டம் கெட்டதால் மொட்டு வந்ததா, மொட்டு வந்ததால் கூட்டம் மாறியதா என்பது பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா வேறுபடும். பியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் வாயில் குடியிருப்பது. பெருங்குடல் புற்றுத் திசுவில் அது மிகுந்திருப்பதை 2012இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. அதன் ஃபேப்2 புரதம் பற்றும் சர்க்கரை புற்றுத் திசுவில்தான் மிகுதி. ஆக, இடம் தயாரான பிறகு வந்து ஒட்டுகிறது. ஒட்டியபின் சும்மாவும் இருப்பதில்லை. ஃபேட்ஏ புரதத்தால் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடெரினைப் பிடித்து, பெருக்கச் சமிக்ஞையை முடுக்கிவிடுகிறது.

பிகேஎஸ் மரபணுத் தொகுதி கொண்ட ஈ.கோலை வேறு சாதி. அது சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு டிஎன்ஏவின் இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடும். பழுதுபார்ப்பில் பிழை விழுந்தால் மரபுப்பிறழ்வு. அந்தப் பிறழ்வுத் தடம் மனிதப் பெருங்குடல் புற்றுகளில் இருப்பதை 2020இல் கண்டார்கள். இதைப் பின்னால் வந்தது என்று தள்ள முடியாது.

எனவே டிஸ்பயோசிஸுக்கு 'நுண்ணுயிர்க்கூட்டக் குலைவு' போதும். 'திரிபு' கூடாது, வைரஸ் வகைக்குப் போய்விட்டது. 'சமன்குலைவு' என்றால் எல்லார்க்கும் பொதுவான ஒரு சமநிலை இருப்பதுபோல் ஆகும். நலமாக உள்ள இருவரின் குடலிலேயே கூட்டம் ஒன்றுபோல் இராது.

கூடவே ஒரு வேண்டுகோள். 'மலக்கூட்டம்', 'சவ்வொட்டுக் கூட்டம்' என்று இரண்டு சொல் வையுங்கள். மலத்தில் எண்ணுவதும் சவ்வில் ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல. அகநோக்கிக்கு முன் கொடுக்கும் பேதிமருந்து கூட்டத்தைக் கழுவிவிடும். ஆகவே மலமாதிரியை அதற்கு முன்பே எடுத்து -80 டிகிரி செல்சியஸில் உறையவைக்க வேண்டும். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவரின் மாதிரியைச் சேர்த்தால் ஒப்பீடே கெடும். சவ்வுத்துணுக்கில் சிக்கல் வேறு: மனித டிஎன்ஏ பெருவெள்ளம், பாக்டீரியா டிஎன்ஏ துளி. அதனால்தான் பாக்டீரியாவை இனங்காட்டும் 16எஸ் மரபணுவை மட்டும் பெருக்கிப் படிக்கிறார்கள்.

----------

நன்றி. எல்லாவற்றையும் ஏற்கிறேன். அடுத்த பக்கத்தில் 'டிரைவர்–பேசஞ்சர்' கோட்பாடு வருகிறது. 'ஓட்டுநர்–பயணி' என்று போட்டால் பேருந்து நிலையம் போல இருக்கிறது.

----------

'தூண்டுயிரி', 'ஒண்டுயிரி' என்று வைக்கலாம். முதலாவது செல்லில் பழுதைத் தொடங்கிவைப்பது. அடுத்தது மாறிய இடத்தில் ஒண்டிப் பெருகுவது. ஒண்டியது தூண்டியதையே வெளியேற்றிவிடும் என்பதும் கோட்பாட்டில் உண்டு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையேதான். முற்றிய புற்றில் தூண்டுயிரி கிடைக்காமல் போவதற்கு அக்கோட்பாட்டினர் சொல்லும் விளக்கமும் அதுவே.

----------

> ஒண்டுயிரி

'ஒட்டுண்ணி'யோடு குழம்பாதா?

----------

குழம்பும். முதல் முறை வரும் இடத்தில் 'ஒண்டி வாழும் பாக்டீரியா' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளுங்கள். பியூசோபாக்டீரியத்தை மட்டும் இரண்டில் ஒன்றில் அடைக்காதீர்கள். ஒண்ட வந்து தூண்டவும் செய்கிறது. அட்டவணையில் அதற்குத் தனி வரி கொடுங்கள்.