தோப்பு வீட்டு ஸ்பீக்கருக்கு வீட்டு ஆம்ப் போதுமா, 100 வோல்ட் லைன் வேணுமா?

சந்தூர் தோப்பு:
கூடத்துல இருக்கற ஸ்டீரியோ ஆம்ப் 8 ஓம்ல சேனலுக்கு 50 வாட். பின்னால ஏ, பி ரெண்டு ஜோடி டெர்மினல். திண்ணைக்கு 2, மாமரத்தடிக்கு 2 வெளிப்புற ஸ்பீக்கர் வாங்கியாச்சு. எல்லாம் 8 ஓம், 88 டிபி. மரத்தடிக்கு ஒயர் 35 மீட்டர். கடையில 100 வோல்ட் லைன் ஆம்ப்தான் (வோல்ட்டை ஏத்தி அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு இறக்கற முறை) வேணும்ங்கறாங்க. சரியா?

பாலக்கோடு வயரிங்:
தேவையில்லைங்க. முதல்ல ஆம்ப் பின்பக்கம் படிங்க. ‘ஏ+பி 8 ஓம்’னு இருந்தா ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓமுக்குக் குறையக்கூடாதுன்னு அர்த்தம், உங்க நாலும் அதுல அடங்கும். ‘ஏ+பி 16 ஓம்’னு இருந்தா ரெண்டு ஜோடியையும் ஒண்ணா ஓட்டாதீங்க. 8 ஓம் ரெண்டு பேரலல்ல 4 ஓம் ஆயிடும், ஆம்ப் ரெண்டு மடங்கு கரண்ட் குடுக்கணும், சூடேறி கட் ஆகும். சித்திரை வெயில்ல, மூடின அலமாரிக்குள்ள இருந்தா இன்னும் சீக்கிரம்.

பாரூர் மைக் செட்:
ஒயரை விட்டுட்டீங்க அண்ணா. 35 மீட்டர்னா போக வர 70 மீட்டர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்புல கிட்டத்தட்ட 0.9 ஓம், பவர்ல பத்துல ஒரு பங்கு ஒயர்லயே போயிடும். 100 வோல்ட் லைன்ல 20 வாட் டேப்பிங் (ஸ்பீக்கர் எத்தனை வாட் எடுக்கணும்னு டிரான்ஸ்ஃபார்மர்ல தேர்ந்தெடுக்கற இணைப்பு) வச்சா ஒரு ஸ்பீக்கரோட லோடு 500 ஓம். அங்க இந்த 0.9 கணக்குலயே வராது. நாலு ஸ்பீக்கருக்கு 80 வாட், 100 வாட் ஆம்ப் எடுத்தா 20 சதவீதம் மிச்சம் நிக்கும். நாளைக்கு கேட் பக்கம் ஒண்ணு சேர்க்கணும்னா டேப்பிங்கைக் குறைச்சு மொத்தத்தை 80க்குள்ள வச்சுக்கிட்டா முடிஞ்சது.

பாலக்கோடு வயரிங்:
பத்துல ஒரு பங்குன்னா பெருசாத் தெரியும். காதுக்கு அது ஏறக்குறைய 1 டிபிதான். 2.5 ஸ்கொயர் போட்டா 0.6 டிபி. ஆனா டிரான்ஸ்ஃபார்மர் பண்றது காதுக்கு நல்லாவே தெரியும். சின்ன கோர்னா பேஸ் ஏறும்போது சேச்சுரேட் ஆகும் (கோர் தாங்காம ஒலி சிதையும்), அதனாலதான் அந்த லைன்ல 70 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே கீழ வெட்டி விடறாங்க. அறிவிப்புக்கு அது போதும். தவிலோட தொப்பிப் பக்கம் கேக்கணும்னா போதாது.

பாரூர் மைக் செட்:
திறந்தவெளியில பேஸ் எப்படியும் கரையும். மரத்தடியில தாங்கிப் பிடிக்கச் சுவர் ஏது?

பாலக்கோடு வயரிங்:
மரத்தடிக்கு ஒத்துக்கறேன். திண்ணை ஜோடியைச் சுவரை ஒட்டி, கூரைக்கடியில மாட்டினா பேஸ் நிக்கும்.

தர்மபுரி பெஞ்ச்:
வாட் சண்டைக்கு முன்னால சத்தத்தைக் கணக்குப் பண்ணுங்க. 88 டிபி ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல 88. வெளியில தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டிபி குறையும். 8 மீட்டர்ல 70. 10 வாட்டுக்கு 80. உட்கார்ந்து பேசற இடத்துக்கு அதுவே அதிகம், 50 வாட் தாராளம். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்ல பகல் வரம்பு 55, இரவு 45 டிபி. பக்கத்து வீட்டுப் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பாதீங்க.

ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரியறது பெரிய ஆம்ப்பால மட்டும் இல்ல. சின்ன ஆம்ப்பை முழுசாத் திருகி, அலை நுனி வெட்டுப்பட்டாலும் எரியும். கரகரன்னதும் குறைங்க.

சந்தூர் தோப்பு:
வீட்டு ஆம்ப்பே வச்சுக்கறேன். 3 கோர் ஒயர் மீதி இருக்கு, மரத்தடி ரெண்டுக்கும் மைனஸைப் பொதுவா ஓட்டலாமா?

பாலக்கோடு வயரிங்:
வேண்டவே வேண்டாம்! கிளாஸ் டி ஆம்ப் (ஸ்விட்ச் மாதிரி ஆன்-ஆஃப் ஆகி ஓடற வகை) பலதுல மைனஸ் டெர்மினல் கிரவுண்ட் இல்ல, அதுலயும் சிக்னல் ஓடுது. ரெண்டு மைனஸையும் சேர்த்தா சேனல் ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஷார்ட். ஸ்பீக்கருக்குத் தனித்தனி 2 கோர் இழுங்க. 20 எம்எம் பிவிசி பைப்புக்குள்ள விடுங்க, வெளிய விட்டா அணில் கடிச்சிடும். ஸ்பீக்கரைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு மாட்டுங்க, ஐப்பசி மழைத்தண்ணி உள்ள தேங்காது.

பாரூர் மைக் செட்:
கேட் 120 மீட்டர் தள்ளி இருந்தா அங்க 100 வோல்ட் லைன்தான், அதுல மாற்றமில்ல. ஆனா அந்த லைன்ல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரை நேரா மாட்டிடாதீங்க. 100 வோல்ட்டுக்கு 12.5 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும், ஆம்ப் அவுட்புட் போயிடும்.

தர்மபுரி பெஞ்ச்:
ஆம்ப்ல மாட்டறதுக்கு முன்னால ஒயர் நுனியில மல்டிமீட்டர் வைங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6 பக்கம்தான் காட்டும், மரத்தடி ஒயரோட 6.5லருந்து 7 வரை. 1க்குக் கீழ வந்தா எங்கயோ ஷார்ட். பைப் வளைவுலயும் ஸ்பீக்கர் டெர்மினல்லயும் தேடுங்க. இடி வர்ற நாள்ல ஆம்ப் பிளக்கோட மரத்தடி ஒயரையும் கழட்டிடுங்க.